சந்திரமதி அம்மாளின் மல்லிகைக் கொல்லை

கைவிடாமை என்பது ஆரவாரமில்லாத ஓர் அறம். ஈகையைப் பலர் காண்பர். வீரத்தை ஊர் பேசும். பட்டுப்போயிற்று என்று பிறர் தள்ளிய ஒன்றின் அருகே மறுநாளும் சென்று குனிந்து பார்ப்பவரை எவரும் பாராட்டுவதில்லை. கடல் கடந்த ஜொகூர் நாட்டில், ஸ்கூடாய் ஆற்றை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் புல்வெட்டு வேலை பார்க்கும் சந்திரமதி அம்மாள், அவ்வறத்தின் பெயரையும் அறியாமல் அதனைப் பயின்றவர். பதினாறாம் வயதில் கப்பலேறி வந்தவர். வந்த நாள் முதல் மண்ணோடு பழகியவர்.

கார், கூதிர், பனி என்று பருவங்கள் முறையே வந்து போகும் நாடன்று இது. ஆயினும் இளவேனில் இங்கும் உண்டு. தை பிறந்ததும் ரப்பர் மரங்கள் மஞ்சளித்துச் சிவந்து, இலை முழுவதையும் உதிர்த்துவிடும். ஆண்டு முழுதும் நிழலில் கிடந்த லயங்களின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் மேல் அப்போதுதான் வெயில் விழும். மாசி கழிகையில் வெற்றுக் கிளைகளில் செம்பு நிறத் தளிர் அரும்பும். பங்குனியில் மரங்கள் மெல்லிய பசுமை உடுத்திச் சிறு பூக்களைச் சொரியும். காலைக் காற்றில் அவற்றின் மணம் வரும். மாலையில் வேலை முடிந்து பிறர் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில், அம்மாள் மண்வெட்டியோடு வெளியே வருவார்.

அத்தோட்டத்து முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று சாமிக்குச் சாத்துவது, ஜொகூர் பாருவில் வாங்கிய காகித மாலை. அதனைக் காண அம்மாளுக்கு மனம் பொறுக்கவில்லை. பிரபவ ஆண்டின் ஆவணியில், ஆங்கிலக் கணக்கில் 1927இல், அவர் அய்யாவு கங்காணியிடம் சென்று, லயத்தின் பின்புறம் வெறுமையாய்க் கிடந்த சிறு நிலத்தைக் கேட்டார்.

"பூவுக்கா? மரவள்ளி வச்சா நாலு வீட்டுக்கு ஆகுமேம்மா."

"மரவள்ளியைச் சாமி கழுத்துல போட முடியுங்களா?"

கங்காணி சிரித்துவிட்டார். "சரி, எடுத்துக்க. வர்ற உத்திரத்துக்கு உன் கொல்லைப் பூ சாமிக்கு ஏறணும். ஏறலைன்னா மறுநாளே மரவள்ளிக் குச்சி நடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

பூக்கட்டி விற்கும் ஒருவரிடம் கேட்டுப் பெற்ற பதினெட்டு மல்லிகைப் பதியன்கள் மழைக்காலத்தில் வேர்பிடித்தன. தை வெயில் பட்டதும் கிளைத்தன. மாசியில் மழை நின்றது. செடிகள் சற்றே வாடின.

கணவர் ஜெயபாலனுக்குப் பால் ஸ்டோரில் வேலை. ரப்பர்ப் பாலில் ஆசிட் கலந்து உறையவைப்பார்கள். உறைந்த பாளத்தை எடுத்தபின் தெளிந்த நீர் தொட்டியில் தங்கும். மனைவியின் கொல்லைக்குத் தாமும் ஏதேனும் செய்ய விரும்பிய அவர், மூன்று நாள் நண்பகலில் அந்நீரை வாளி வாளியாகச் சுமந்து வந்து மல்லிகைக்கு ஊற்றினார். நான்காம் நாள் இலையெல்லாம் கருகிச் சுருண்டிருந்தன.

"ஏங்க, என்ன ஊத்துனீங்க?"

"பால் உறைஞ்ச தண்ணி. கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊத்துறோமே, அது மாதிரி செழிக்கும்னு நெனச்சேன்."

"அது மாட்டு மோருங்க. இது ஆசிட்டு."

ஜெயபாலன் வாளியைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா எட்டிப் பார்த்தார். "இதுக்குத்தான் காகிதப் பூ நல்லதுங்கிறது. அதுக்குத் தண்ணியும் வேணாம், தண்ணி ஊத்தப் புருஷனும் வேணாம்."

அன்று மாலை ஜெயபாலன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "நானே புடுங்கிப் போட்டுடறேன். நீ பாக்க வேணாம்," என்றார்.

அம்மாள் அவரை வெளியே அழைத்துச் சென்று, ஒரு தண்டை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே மயிரிழை அளவு பச்சை இருந்தது. "ரப்பர் மரமெல்லாம் மொட்டையா நிக்குது. அதை யாராச்சும் வெட்டிப் போடுறாங்களா? எழுந்திரிங்க, மண்ணை மாத்துவோம்."

புளித்த மேல்மண்ணை ஜெயபாலனே அள்ளி அகற்றினார். ஆற்று வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்தார். ரப்பர்ப் பாளம் உலர்த்தும் புகைவீட்டு அடுப்பிலிருந்து சாம்பல் கொணர்ந்து தூவினார். அம்மாள் செடிகளைச் சாண் உயரத்துக்கு நறுக்கிவிட்டு, நாள்தோறும் இருவேளை ஆற்றுநீர் வார்த்தார். புல்வெட்டுக்குப் போகும்போது ஒருமுறை குனிந்து பார்ப்பார். திரும்பும்போது மீண்டும் ஒருமுறை.

ரப்பர் தளிர்த்தது. கொல்லை தளிர்க்கவில்லை. பதினைந்து நாள் சென்றபின், மூன்றாம் வரிசைச் செடியொன்றின் கணுவில் எள்ளளவு பச்சை தோன்றிற்று. பதினெட்டில் ஒன்பது பிழைத்தன. நறுக்கிய இடங்களில் கிளை பலவாய்ப் பிரிந்து, பங்குனி நடுவில் அரிசி போல் அரும்பு கட்டின. உத்திரத்துக்குள் முதிருமா என்பதே கேள்வி. ஜெயபாலன் ஒவ்வொரு மாலையும் மொட்டுகளை எண்ணுவார்; கொல்லைக்குள் கால் வைக்காமல் வேலிக்கு வெளியே நின்றே எண்ணுவார்.

உத்திரத்தன்று காலை முதிர்ந்திருந்த மொட்டுகளைப் பறித்துக் கட்டியபோது ஒரு முழமே தேறிற்று. கோயிலில் கங்காணி காகித மாலையோடு நின்றார். "எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கிட்டு வந்தேன்," என்றார். பூசை செய்யும் மணியம் பண்டாரம் மல்லிகைச் சரத்தைச் சாமியின் கழுத்தருகே பிடித்துப் பார்த்தார், அது எட்டவில்லை. ஜெயபாலன் தலை கவிழ்ந்தார். பண்டாரம் சற்று நின்று, அச்சரத்தை வேலின் கழுத்தில் இரு சுற்றாகச் சுற்றினார். தீபச் சூட்டில் மொட்டுகள் இதழ் நெகிழ்ந்தன. மணம் வாசல்வரை வந்தது.

கங்காணி பூச்சுற்றிய வேலின் பக்கமே நோக்கி நின்றார். "மாலை போடறதாத்தானே பேச்சு," என்று மெல்ல இழுத்தார்.

கிருஷ்ணம்மா விடவில்லை. "கங்காணி ஐயா, ஏறணும்னுதான் சொன்னீங்க. எத்தனை முழம்னு சொல்லலையே. அன்னைக்கு நீங்க பேசுனது எங்க வீட்டு வரைக்கும் கேட்டுச்சு."

கூட்டம் சிரித்தது. கங்காணியும் சிரித்தார். "மரவள்ளிக்கு வேற எடம் பாக்குறேன். ஆனா ஒண்ணு, ஜெயபாலன் வாளியோட அந்தப் பக்கம் வரக்கூடாது."

மறுநாள் மரவள்ளிக் குச்சி நடப்படவில்லை. ஒன்பது செடிகளிலிருந்து பதியன் எடுத்து, பட்ட ஒன்பதன் இடங்களை அம்மாள் நிரப்பினார். ஒரு பதியன் கிருஷ்ணம்மா வீட்டு வாசலுக்கும் போயிற்று. அடுத்த உத்திரத்தில் மாலை முருகன் மார்பைத் தொட்டது. இன்றும் தோட்டம் இலையுதிர்ந்து நிற்கும் நாளில் அம்மாள் மண்வெட்டியோடு முன்னே போக, ஜெயபாலன் ஆற்றுநீரைச் சுமந்து பின்னே வருகிறார், வாளி புதியது.

வேல் ஏந்திய பெருமான் அவ்விருவர் மனையில் நீங்காது வீற்றிருக்க. அவர் கொல்லைக்கு ஆற்றுநீர் வற்றாதிருக்க. உதிர்ந்த கிளைதோறும் தளிர் வருவதுபோல் அவர் குடியில் நலம் தழைக்க.