வரைபடத்தில் தெரிந்த சோளக்கொல்லை

புவாபன், வட தாய்லாந்தில் ஒரு மலையடிவார ஊரின் சுகாதார நிலையத்தில் பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள். மார்ச் வந்தால், அறுத்த கொல்லைகளை எரிக்கும் புகை பள்ளத்தாக்கு முழுக்க இறங்கிவிடும். அவள் போய்க் கதவைத் திறப்பதற்குள் நாலைந்து பேர் இருமிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். வருஷா வருஷம் அதே மருந்தைக் கொடுத்து அலுத்துப்போய்த்தான், நாற்பது வயதில் சியாங் மாய் நகரத்துக்குப் படிக்கப் போனாள்.

காற்று மாசையும் மக்கள் உடல்நலத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் முதுகலைப் படிப்பு அது. வகுப்பில் பொறியாளர், டாக்டர், வானிலை படித்தவர், பொருளாதாரம் படித்தவர் என்று பதினொரு பேர். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவே மூன்று மாதம் ஆயிற்று.

ஒருநாள் பொறியாளன் வொரபோன் போன வருஷத்துச் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் போட்டான். தீ எரிந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. பக்கத்தில், புவாபன் கொண்டுவந்திருந்த நோயாளிப் பதிவேட்டின் எண்கள்.

"இந்தச் சரிவு எரிஞ்ச மறுநாளே உங்க ஊர்ல இருமல் கேஸ் ஏறுது, பாருங்கக்கா."

ஓடை வளையும் இடத்திலிருந்த புள்ளியை அவள் உற்றுப் பார்த்தாள்.

"அது எங்க சோளக்கொல்லை."

டாக்டர் சிரித்துவிட்டார். "தீ வெக்கிறதும் நீங்க, மருந்து குடுக்கிறதும் நீங்களா?"

அவளும் சிரித்து வைத்தாள்.

வார இறுதியில் ஊருக்குப் போய்க் கணவன் கம்மூனிடம் சொன்னாள். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"எட்டு ராய் நிலம், மூணு ஏக்கருக்கு மேல வருது. எரிக்காம மழைக்குள்ள எப்படிச் சுத்தம் பண்றது? உங்க வாத்தியாருங்க வந்து சோளத்தட்டை பொறுக்குவாங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. திங்கட்கிழமை அதை அப்படியே வகுப்பில் கேட்டாள்.

அடுத்த விடுமுறையில் வகுப்பிலிருந்து ஏழு பேர் தட்டை வெட்ட வேன் பிடித்து ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் நாள் மத்தியானத்துக்குள் எல்லார் கையிலும் கீறல். டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன டாக்டரே, உங்களுக்கு யார் மருந்து குடுக்கிறது?" என்றான் கம்மூன். டாக்டரே முதலில் சிரித்தார்.

மூன்று நாளில் பாதி நிலம்கூட முடியவில்லை. வொரபோன் வெட்டிய தட்டைக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றான். "இந்த உழைப்பை நான் கணக்குலயே எடுக்கலையேக்கா."

அதோடு, பட்டத்துக்காகப் புவாபன் செய்துவந்த ஆய்வு திசை மாறியது. யார் எரிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எரிக்காமலிருக்க எத்தனை ஆள், எத்தனை நாள் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டாள். ஆய்வுப் பணத்தில், தட்டையைப் பொடியாக்கும் இயந்திரம் ஒன்று ஊருக்கு வந்தது. முறை வைத்து ஓட்ட முப்பத்தொரு வீடு ஒப்புக்கொண்டது. கடைசிவரை நின்றது பத்தொன்பது.

படிப்பு முடிவில் அவள் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் கேட்டார்: "இருமல் குறைஞ்சுதா?"

"இல்லைங்க. மலைக்கு அந்தப் பக்கத்துப் புகை வந்துடுச்சு. அதையும் மறைக்காம எழுதியிருக்கேன்."

பட்டம் கிடைத்தது. புவாபன் பழைய வேலைக்கே திரும்பினாள். நிலையத்தில் ஓர் அறையின் இடுக்கையெல்லாம் அடைத்து, காற்றை வடிகட்டும் கருவி வைத்து, மூச்சிரைப்பு உள்ளவர்களை அங்கே படுக்க வைத்தாள். அடுத்த ஜனவரியில் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்த் தலைவி இயந்திரம் கேட்டு வந்தாள். ஓட்டிக் காட்ட ஆள் வேண்டுமே என்று தலைவி சொன்னதும், முணுமுணுத்தபடியே கம்மூன் கிளம்பிப் போனான்.