குளவிக்கு ஒரு புது குரூப்

நான் வேலை செய்யும் தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரிக்கு இன்று காலை புஷ்பம் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டியிருக்கிறது. முகமெல்லாம் வீக்கம்.

அவர் கொழுந்து பறித்த இடத்து மரத்தில் கூடு இருப்பதைக் காவல்காரர் நேற்றே படமெடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாராம். அதற்குக் கீழே வந்து குவிந்தவை: மழைக்கணக்கு, சுற்றறிக்கை, அதே சுற்றறிக்கை மறுபடியும், யாருக்கோ பிறந்தநாள் கேக், காலை வணக்கப் பூக்கள்.

வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கூட வந்த தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கையா போனைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"மெசேஜ் வந்துதான் இருக்கு. இத்தனை குரூப்புல எதைப் பாக்குறது?"

புஷ்பம் அக்கா வீங்கிய வாயைத் திறந்தார்.

"எங்களுக்கு மூஞ்சிலயே வந்துருச்சுங்க சேதி."

அக்கா இப்போது ஆஸ்பத்திரியில், ஆபத்தில்லை என்கிறார்கள்.

மதியம் தோட்ட மேனேஜர் துரை அவசரக் கூட்டம் போட்டார். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு எடுத்த மாபெரும் முடிவு: 'குளவி எச்சரிக்கை' என்று இன்னொரு குரூப்!

என்னையும் சேர்த்திருக்கிறார்கள். "கூட்டை யார் அகற்றப்போகிறீர்கள்?" என்று கேட்டேன். "அருமையான முயற்சி சார்" என்ற பாராட்டுகள் வந்து விழுந்து, என் கேள்வி மேலே போய் மறைந்துவிட்டது.

உங்கள் வேலைத்தளத்தில் எப்படி? ஆபத்தைச் சொல்ல குரூப் மட்டும்தானா, கேட்க ஆளும் உண்டா?