காய்ச்சலில் சாகாத கதாநாயகி

எங்கள் பக்கம் அச்சாகாத பொருள் கிடையாது. தீப்பெட்டி லேபிள், வெடி லேபிள், காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, வடக்கே எங்கோ விற்கிற பீடிக்கட்டுக்கு ஒரு சேவல் படம். எல்லாவற்றுக்கும் சிவகாசியில் மிஷின் ஓடும். என் நாவலுக்கு மட்டும் ஓடவில்லை. பீடிக்கட்டுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று அந்தக் காலத்தில் வயிறெரிந்தேன். இன்றைக்கும் கொஞ்சம் எரிகிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருத்தங்கலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. பகலெல்லாம் பிள்ளைகளோடு வாய்ப்பாட்டைக் கத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அம்மா தீப்பெட்டி ஒட்டுகிற பலகையில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுத உட்காருவேன். பிரஸ்ஸில் கழித்துப்போட்ட லேபிள் தாள்களின் பின்பக்கம்தான் எழுதுவது. முன்பக்கம் கிளிகள் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கும். பின்பக்கம் என் கதாநாயகி விம்முவாள். பல பக்கங்களில் அம்மாவின் பசை பட்டு இரண்டு அத்தியாயங்கள் ஒட்டிக்கொண்டுவிடும். நான் பிரித்தெடுத்துக்கொண்டே கத்துவேன். "நல்லதாப் போச்சு, படிக்கிறவுகளுக்கு ஒரு பக்கம் மிச்சம்" என்பாள் அம்மா. என் முதல் விமர்சகி அவள்தான். அதுவரை ஒரு வரி வாசித்துக் கேட்டதில்லை. அவளுக்கு எழுத்தும் தெரியாது.

அந்த நாவலில் காதல் உண்டு, மாட்டுவண்டி கவிழ்வது உண்டு, மதுரைக்கு ரயில் பயணம்கூட உண்டு. அதெல்லாம் ஒப்புக்கு. கடைசி அத்தியாயத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். அந்த அத்தியாயம் என் அக்கா.

என்னை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தவள் அவள். தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற ஷெட்டில் அவளுக்கு வேலை. ஒருநாள் மத்தியானம், ஊருக்கு வெளியே இருந்த அந்த ஷெட் பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவள் வெளியே வரவில்லை. தொழிற்சாலையிலிருந்து, எங்கள் பேச்சில் ஆபீசிலிருந்து, வந்தவர்கள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "காய்ச்சல்னே சொல்லிருங்க. ஆபீச மூடிப்புட்டா இந்தத் தெருவுல ஒரு வீட்டுல அடுப்பு எரியாது" என்றார்கள். அம்மா தலையை ஆட்டினாள். டாக்டர் காய்ச்சல் என்று எழுதினார். போதகர் காய்ச்சல் என்று ஜெபித்தார். பெட்டியை யாரையும் திறக்கவிடாமல் அடக்கம் பண்ணினோம். கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், வாயைத் திறக்கமாட்டார்கள். மற்றவர்களுக்கு அவள் காய்ச்சலில் போன நல்ல பிள்ளை. அப்படி இல்லை என்பது ஒரு தாளிலாவது அச்சாக வேண்டும். அதுதான் என் ஆசை. என் பெயர் அட்டையில் வரவேண்டும் என்பது அதற்கு அடுத்த ஆசை. அதையும் நான் மறைக்கப்போவதில்லை, கையெழுத்துப் போட்டுப் பழகியெல்லாம் பார்த்துவிட்டேன்.

முதலில் மெட்ராஸுக்கு அனுப்பினேன். மெட்ராஸ்காரர்களுக்கு நல்ல பழக்கம், எதையும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். போன வேகத்தில் வரும். தபால்காரர் தெருமுனையிலேயே சைக்கிள் மணியை அடித்து, "டீச்சர், உங்க கதை திரும்பி வந்திருச்சு!" என்று அறிவிப்பார். தெருவே எட்டிப் பார்க்கும். ஒருதரம், "இந்தத் தடவ வெரசா வந்திருச்சே, படிச்சிருக்கமாட்டாகளோ?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம்போல இருந்தது. ஒரு பதிப்பகத்தார் மட்டும் இரண்டு வரி எழுதியிருந்தார்கள்: தீப்பெட்டித் தொழிலாளிக்குப் பதிலாக மயிலாப்பூரில் வீணை கற்கும் பெண்ணாக இருந்தால் பரிசீலிக்கலாமாம்.

போங்கடா என்று விட்டுவிட்டு உள்ளூரிலேயே ஒரு பிரஸ் முதலாளியைப் பிடித்தேன். அவர் மகள் என்னிடம் படித்தாள். காலண்டரும் லேபிளுமாக அடித்து அலுத்துப்போயிருந்த மனுஷர், நாவல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலண்டர் சீசன் முடியட்டும் டீச்சர். மிஷின் சும்மாதான் நிக்கும். போட்டுருவோம். நமக்கும் ஒரு பேரு" என்றார். அட்டைக்கு மீந்துபோன காலண்டர் படம் ஒன்று இருக்கிறது, தாமரையில் லட்சுமி, ஜம்மென்று இருக்கும் என்றும் சொன்னார். என் கதாநாயகி வேதக்காரப் பெண், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் என்றேன். "அதனாலென்ன, லட்சுமி எல்லாருக்கும் பொதுதான" என்றார். அச்சில் வந்தால் போதும் என்று நானும் லட்சுமியை ஏற்றுக்கொண்டேன்.

சீசன் முடிந்து நான் போனபோது, என் கிளித்தாள் கட்டு அவர் மேஜைமேல் இருந்தது. "உக்காருங்க டீச்சர். அருமையா எழுதியிருக்கீக. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. ஆனா அந்தக் கடைசியில வர்ற சமாச்சாரம்..." என்று இழுத்தார்.

"எது?"

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதாம்மா, அந்த... வெளிச்சம்."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. தீயை வைத்துப் பிழைக்கிற ஊர், தீ என்று சொல்லாது. தீப்பெட்டி ஆபீசைக்கூட முன்னெழுத்தை விழுங்கிப் பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆபீஸ் கேட்டுக்குள் நின்று யாராவது வாய்தவறித் தீ என்றுவிட்டால் மேஸ்திரி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்தச் சொல்லைத்தான் நான் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதிவைத்திருந்தேன். "நமக்கு ஆர்டர் குடுக்குறவுக பூராம் பெட்டிக்காரவுக, வெடிக்காரவுக. இத அவுக கையில எப்படிக் குடுப்பேன்? அபசகுனம்னுருவாக. வேற என்னத்தையாவது வச்சுச் சாகடிங்க. வெள்ளம் வச்சாப் போச்சு" என்றார்.

வெள்ளம்! எங்கள் ஊரில் ஆட்டு முதுகு நனையுமளவு மழை பெய்தால் திருநாள். மழை கிடையாது என்பதால்தான் இந்தத் தொழிலே இங்கே வந்து உட்கார்ந்தது. சரி, இந்த மனுஷனுக்குப் புத்தி வரட்டும் என்று வீம்புக்கு எழுதினேன். ஆமத்தூர்க் கண்மாயை உடைத்துவிட்டேன். நான் பார்த்த நாளில் அந்தக் கண்மாயில் காய்ந்து வெடித்த கரம்பை மண்ணைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை; கதையில் அது பொங்கி வந்து பெட்டி ஆபீசையும் கதாநாயகியையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. வாசித்தால் சிரித்துவிட்டு, பழையபடி தீயையே போடுவோம் என்பார் என்று நம்பினேன்.

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போயிற்று. "என்ன டீச்சர் இது! மழையவா எழுதியிருக்கீக? வெளிச்சமாவது ஒரு ஷெட்டோட போகும். மழ பெஞ்சா குச்சி காயாது, வெடி காயாது, ஊரே படுத்துரும். இதுக்கு அதே தேவலாம்" என்று தாளை மேஜையில் தள்ளி வைத்தார். ஒரு ஷெட்டோடு போகும். அதை என் முகத்துக்கு நேரே சொன்னார், பாவி மனுஷர். சொல்லிவிட்டு எனக்குக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார்.

கலர் வந்தது. நான் குடிக்கவில்லை. அவர் யோசித்து யோசித்து, கடைசியில் முகம் மலர்ந்தார்.

"டீச்சர், காய்ச்சல் வச்சிருங்களேன். ஒரு பயலும் ஒண்ணும் சொல்லமாட்டான். உங்க அக்காவும் காய்ச்சல்லதான போனாக? கூடவே இருந்து பாத்தவுக நீங்க. அத அப்படியே எழுதுங்க. நெசமா நடந்த மாதிரியே இருக்கும்."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. கிண்டலும் இல்லை. அவர் அதை நம்பியிருந்தார். அம்மாவும் டாக்டரும் போதகரும் சேர்ந்து சொன்னதை வேறு எதற்கு ஒருத்தர் நம்பாமல் இருக்க வேண்டும்? அழுதால் அவர் அக்காவுக்காக அழுகிறேன் என்று ஆறுதல் சொல்வார் என்று பயந்து, கிளித்தாள்களை வாரி அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். "லட்சுமி படம் வேஸ்டாப் போகுதே டீச்சர்" என்றார் பின்னாலிருந்து.

வீட்டில் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "என்னட்டி, போடுறாகளா?" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

"போடுவாகளாம். காய்ச்சல்ல சாகணுமாம்."

அம்மாவின் விரல் பசையிலேயே நின்றது. "நீ என்ன எழுதியிருக்க? வாசி" என்றாள்.

கடைசி அத்தியாயத்தை எடுத்தேன். வாய்ப்பாடு சொல்லித்தருகிற குரலை வரவழைத்துக்கொண்டு வாசித்தேன். மருந்து வாடை, பூட்டியிருந்த பின்கதவு, அக்காவின் மஞ்சள் தாவணி. அந்தச் சொல் வரும்போதெல்லாம் பெண்கள் வாசலைப் பார்த்தார்கள். முடித்ததும், அந்த வருஷம் வாழ்க்கைப்பட்டுத் தெருவுக்கு வந்திருந்த பெண் ஒருத்தி விளங்காமல் கேட்டாள்: "கதைக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க மூத்த பொண்ணு காய்ச்சல்லதான போனாகன்னு சொன்னாக?"

அம்மா பசைக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"காய்ச்சலா? என் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்ததில்ல. தீ. தீயிலதான் போனா. நான்தான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மறுபடி முதல்லருந்து வாசி. வாசல்ல போறவுகளுக்கும் கேக்கட்டும், சத்தமா வாசி."