கொழும்பில் போட்ட ஓட்டு

1931, பினாங்கு, குவீன் தெரு, காலை. கொழும்பிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் அப்பக்கடை பாக்கியம் கரண்டியைக் கீழே வைக்கிறாள்.

"அங்க பொம்பளைங்களுக்கும் ஓட்டாமே, நெசமா அக்கா?"

"ஓம், நானே போட்டேன். எலெக்சன்லை நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறத்திலை பெட்டி. பிடிச்ச பெட்டியிலை சீட்டைப் போட வேணும்."

சாயா ஆற்றிக்கொண்டிருக்கும் அவள் கணவர் முகத்தைச் சுளிக்கிறார். "அடுத்த நாட்டு எலெக்சன் நமக்கு எதுக்குலா? இங்க ஆம்பளைக்கே ஓட்டு இல்ல."

"அங்க வந்தது இங்க வராமலா போயிடும்?" என்கிறாள் பாக்கியம். உடனே பக்கத்தில் கீரை விற்கும் சீனப் பெண்ணை அழைத்து, மலாயில் சேதி சொல்கிறாள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்கிறாள்.

பாக்கியத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எந்தப் பெட்டியில போட்டீங்கன்னு வீட்டுக்காரருக்குத் தெரியுமான்னு கேக்குறா."

"இண்டைக்கு வரைக்கும் தெரியாது."

மொழிபெயர்க்கும் முன்பே சீனப் பெண்ணுக்குப் புரிந்துவிடுகிறது. நாங்கள் மூவரும் சிரிக்கிற சிரிப்பில் சட்டியில் அப்பம் கருகுகிறது.

பாக்கியத்தின் கணவர் அதைச் சுரண்டி எடுத்துப் போடுகிறார். பிறகு சாயாக் கிளாசை என் முன்னால் வைத்து, குனிந்து மெல்லக் கேட்கிறார்:

"சரி, யாருதான் ஜெயிச்சாங்க?"