காய்ச்சல் என்று போடாத மனு

நீதிமன்ற வாசலில் உட்கார்ந்து மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிஸ்டின் பேரிலேயே இருபத்திரண்டு வருடமாக ஒரு பிடிவாரண்ட் இருந்தது. வாலிபத் திமிரில், குழாயடிச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துத் தள்ளிய வழக்கு. ஒரு வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிட்டார், அதோடு சரி.

வாரண்டை ரத்து செய்யச் சொல்லி ஊருக்கெல்லாம் மனு அடித்தவர்தான். வராத காரணம் என்ற இடத்தில் யாராயிருந்தாலும் ‘கடும் காய்ச்சல்’ என்று தட்டிவிடுவார். தன் மனுவை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

போன வாரம்தான் துணிந்தார். காரணம் என்ற இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. கடைசியில் ‘பயம்’ என்று அடித்தார்.

நீதிபதி படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். “உங்க மிஷின்ல வந்ததுல காய்ச்சல் இல்லாத மனு இது ஒண்ணுதான். வாரண்ட் ரத்து. அடுத்த வாய்தாவுக்காவது ஒழுங்கா வந்து சேருங்க.”

மூன்றே நிமிடம். இதற்கா இத்தனை வருடம் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டார். அவளுடைய பதிவுத் திருமணத்தன்று, சாட்சிக் கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, பதிவாளர் அலுவலகப் பக்கமே போகாமல் இருந்தவர் அவர். இப்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.



“அப்பா எங்கேன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்கப்பா” என்றாள் மகள். “கடும் காய்ச்சல்னு சொல்லிச் சமாளிச்சேன்.”