சனிக்கிழமைக் காவல்

அடுப்பில் நல்லெண்ணெயோடு மிளகு பொரியும் வாசனை எழுந்ததும் கூடலூர் வீட்டுச் சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்துவிட்டன. சுமை ஏற்றிய பொதிமாடுகளை மலைக்கு ஓட்டிப்போகும் என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி அய்யா, அன்றுதான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். உடம்புச் சூடு தணியும். ஆனால் குளித்தபின் பகலில் தூங்கினால் சளி பிடிக்கும் என்று அம்மாவுக்குப் பயம்.

ஒரு சனிக்கிழமை, "உங்கய்யா அசந்துட்டாகன்னா காய்ச்சல் வந்துரும். அங்கனயே இருந்து பேச்சுக் குடு தாயி" என்று என்னைக் காவல் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.

அய்யா, யானை வழிமறித்த கதையைச் சொன்னார். யானை நகர்வதற்குள் நான் அவர் மடியில் தூங்கிவிட்டேன், அவரும்தான். திரும்பி வந்த அம்மா இருவரையும் எழுப்பித் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் வீட்டில் தும்மியது அம்மா மட்டும்தான்.

இன்று என் கணவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும் என் மகளிடம், "உங்கய்யாவத் தூங்க விட்டுறாத" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்குத் தும்மல் வந்துவிட்டது.