இரண்டு கட்டடத்துக்கும் ஒரே ஆட்கள்

பகைவனை மன்னிக்க வேண்டும் என்று தவக்காலம் தோறும் எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கம் வைப்பார். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். அவருக்கு என் கான்ட்ராக்டரைத் தெரியாது. தெரிந்திருந்தால் பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்கியிருப்பார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் அரசாங்கக் கட்டட இலாகாவில் ஓவர்சீயர். வேலை எடுத்த கான்ட்ராக்டர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்களா, கெடுவுக்குள் முடிப்பார்களா என்று சைக்கிளில் போய்ப் பார்த்து, மேலே சொல்வதுதான் என் பிழைப்பு. இந்தக் கான்ட்ராக்டர் எழுப்பிய ஒரு மதில்சுவரை ஒருநாள் விரலால் நோண்டினேன். கலவை மாவு மாதிரி உதிர்ந்தது. சுண்ணாம்பைக் கண்ணில் காட்டியிருக்கிறான், அவ்வளவுதான். இடித்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னேன்.

அவன் சிரித்தான். “அதுக்கென்ன முசே, இடிச்சிட்டாப் போச்சு” என்றான். பிரெஞ்சுக்காரன் போயும் அவன் பாஷையில் என்னை முசே என்று கூப்பிடுவதில் இவனுக்கு ஒரு நக்கல்.

மறுநாள் அவனே பெரிய இன்ஜினியரை ஜீப்பில் அழைத்துக்கொண்டு வந்து நின்றான். இன்ஜினியர் மதராஸ் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். என் சைக்கிளில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்து வரச் சொன்னார். அளவு நாடாவுக்கும் குடிதண்ணீர்ப் புட்டிக்கும் நடுவில் பாதி குடித்த சாராயப் புட்டி ஒன்று இருந்தது. நான் வைத்ததல்ல. அதை அவர் மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்ததும், கான்ட்ராக்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் சார். தெனமும் இப்படித்தான் தள்ளாடிக்கிட்டு வந்து, கட்டின சுவத்தை இடி இடிங்கிறாரு” என்றான். அவன் மேஸ்திரியும் ஆமாம் போட்டான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு சாராயக்கடை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த அதிகாரிகளுக்குப் புதுச்சேரிக்காரன் என்றாலே குடிகாரன்தான். “பாண்டிச்சேரியில் பிறந்துவிட்டுக் குடிக்காமலா இருப்பாய்?” என்று கேட்டார் இன்ஜினியர். மதில்சுவர் தப்பித்தது. என்னை வெளிவேலையிலிருந்து எடுத்து, ஆபீஸ் மூலையில் வரைபடம் நகல் எடுக்கப் போட்டார்கள்.

அதையும் பொறுத்திருப்பேன். விஷயம் வீட்டுக்கு எட்டியதுதான் பொறுக்கவில்லை. என் அப்பா சாராயத்தில் போனவர். அவர் குடித்துவிட்டு வந்து போட்ட ஆட்டத்தையெல்லாம் அம்மா ஒருத்தியே தாங்கினாள். சின்ன வயசில் கோயிலில் நான் முதல்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய அன்றைக்கு மாதா சுரூபத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி, ஆயுசுக்கும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். நானும் தொட்டதில்லை. வீட்டு விசேஷங்களில் ஆளாளுக்கு ஒயின் கிண்ணத்தைத் தூக்கும்போது நான் சோடா குடித்துக் கேலி வாங்கியவன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, “நீயுமாடா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள் அம்மா. சத்தியம் செய்தேன். அழக்கூட அழுதேன். “ஒங்கப்பாவும் இப்டித்தான் அழுவாரு” என்றாள்.

அதற்குப் பிறகு நான் வீடு திரும்பும்போதெல்லாம், சட்டையை வாங்கி மாட்டுகிற சாக்கில் கிட்டே வந்து முகர்ந்து பார்ப்பாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் செய்வாள். அப்போதெல்லாம் அந்தக் கான்ட்ராக்டரின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல் கை பரபரக்கும். நெரிக்கவில்லை. ஓடுமீன் ஓட உறுமீன் வரும்வரை கொக்கு காத்திருக்குமாம். நானும் வரைபடத்தை நகல் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்த இன்ஜினியர் மாற்றலாகிப் போனார். வேறொருவர் வந்தார். வயிற்றுப் புண்காரர், எங்கே போனாலும் தூக்குப் பாத்திரத்தில் தயிர்சாதம் கூடவே போகும். என் பழைய கதையை யாரும் அவர் காதில் போடவில்லையோ, போட்டும் அவர் வாங்கவில்லையோ, மாதாமாதம் வேலைகளைப் பார்வையிடும்போது கூட வருவதற்கு என்னைப் போட்டார். எந்த இடத்துக்கு எப்போது போவது என்பதை வகுப்பது என் பொறுப்பு.

அப்போது அந்தக் கான்ட்ராக்டரின் கையில் இரண்டு வேலைகள் இருந்தன. ஊருக்கு வடக்கே கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடம். தெற்கே ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்தில் ஒரு மருந்தகம். அவனிடம் இருந்ததோ ஒரே ஒரு செட் ஆட்கள். பார்வையிடும் நாளில் காலையில் அத்தனை பேரும் வடக்கே நிற்பார்கள். அதிகாரி அதைப் பார்த்து முடித்ததும், கடற்கரைப் பக்கம் ஒரு பங்களாவில் அவருக்குக் கோழியும் மீனுமாக விருந்து நடக்கும்; பிறகு ஒரு தூக்கம். அதற்குள் அதே ஆட்கள், அதே சாந்துச்சட்டி, அதே சாரக் கம்புகள் லாரியில் ஏறி ஆற்றைத் தாண்டிவிடும். சாயங்காலம் தெற்கேயும் வேலை கனஜோராக நடக்கும். அதிகாரிகள் கட்டடத்தைப் பார்ப்பதில்லை, கூட்டத்தைத்தான் பார்ப்பார்கள். இது ஆபீஸ் பியூன் வரைக்கும் தெரியும். நான் போய்ச் சொன்னால் குடிகாரன் உளறுகிறான் என்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று இருந்தேன்.

புது இன்ஜினியர் முதல்முறை பார்வையிடக் கிளம்பிய அன்று, கருவடிக்குப்பத்தில் நல்ல குஷியில் இருந்தார். கல் சுமந்துகொண்டிருந்த ஒரு சித்தாளைக் கூப்பிட்டு, எத்தனை பிள்ளைகள், பள்ளிக்கூடம் அனுப்புகிறாயா என்றெல்லாம் விசாரித்தார். அவளுக்கு வாயெல்லாம் பல். ஒரு பெரிய துரை தன்னிடம் நின்று பேசியது அவளுக்குப் பெரிய கௌரவம். கான்ட்ராக்டர் விருந்துக்கு அழைத்தான். “எனக்குத் தயிர்சாதம் இருக்கிறது” என்றார் இவர். நான் உடனே, “அரியாங்குப்பம் ஆத்துப் பாலத்தண்ட நல்ல நெழல் இருக்கு சார், காத்தாட அங்கயே சாப்பிடலாம்” என்றேன். கான்ட்ராக்டரின் முகம் போன போக்கைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு வயிறு நிறைந்தது அப்போதுதான்.

பாலத்தைத் தாண்டி ஜீப்பை மரத்தடியில் நிறுத்தினோம். மருந்தக வேலையிடத்தில் ஆட்களே இல்லாமல் நாங்கள் போய் நின்றால் ஆபத்து என்று, எப்படியாவது முந்திவிடச் சொல்லிக் கான்ட்ராக்டர் லாரியை விரட்டியிருக்கிறான். மரத்து மறைவில் ஜீப் நிற்பதை டிரைவர் கவனிக்கவில்லை. இன்ஜினியர் பாதித் தயிர்சாதத்தில் இருக்கும்போது லாரி பாலத்தில் ஏறியது. மேலே சாரக் கம்புகளைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் நின்றார்கள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி எங்களைக் கண்டதும் குனிந்துகொண்டான். லாரியிலிருந்தவர்களும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தச் சித்தாள் மட்டும் திருப்பவில்லை. காலையில் அவ்வளவு அன்பாகப் பேசியவரைக் கண்டும் காணாதமாதிரி போவது மரியாதையில்லை அல்லவா? ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையை நெற்றிக்குக் கொண்டுபோய், “கும்புடறேன் சாமி! சாப்புடறீங்களா?” என்று கத்திக்கொண்டே போனாள்.

இன்ஜினியர் கையைக் கழுவிவிட்டு, “அந்த லாரி பின்னால் போ” என்றார்.

அரியாங்குப்பத்தில் மருந்தகத்தின் அஸ்திவாரத்துக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தச் சித்தாளைத்தான் கேட்டார். அவளும் ஒளிக்கவில்லை. “எப்பவும் இப்டித்தாஞ் சாமி. இங்கயும் ஒங்களுக்கு ஒரு வாட்டி காட்டிட்டா வூட்டுக்குப் போயிடலாம்னு மேஸ்திரி சொல்லுவாரு” என்றாள்.

இரண்டு வேலைகளையும் ரத்து செய்து, இனி இவனுக்கு அரசாங்க வேலையே கொடுக்கக் கூடாது என்று சிபாரிசு எழுதச் சொன்னார். எழுதியவன் நான். முத்து முத்தாக எழுதினேன். சனிக்கிழமையே அவர் கையெழுத்துப் போட்டு அது மேலே போய்விட்டது.

அது தெரியாமல் அன்று சாயங்காலம் கான்ட்ராக்டர் என்னைத் தேடி வந்தான். முசே போய் சார் ஆகியிருந்தேன். “நீங்க மனசு வெச்சா ஒரு வரிய மாத்திப் போடலாம் சார்” என்று கையைப் பிடித்தான். போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவன் கும்பிடவும் வேண்டும், கும்பிட்டும் அவனுக்குக் கிடைக்காமல் போகவும் வேண்டும். “நாளைக்கு எங்க வூட்டுக்கு வா. எங்கம்மா முன்னால நின்னு, அந்தப் புட்டிய வெச்சது யாருன்னு சொல்லு. அப்புறம் பாப்போம்” என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு வந்ததும் வந்தான். அம்மா காப்பி கொடுத்தாள். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, “அம்மா, ஒங்க புள்ள குடிக்கலை. அந்தப் புட்டிய அவுரு பையில வெச்சது நாந்தான். என்னை மன்னிச்சிருங்க” என்றான். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இதற்காகத்தானே காத்திருந்தேன்.

அம்மா நிதானமாக அவனைப் பார்த்தாள். “ஒங்க வேலை ஏதாச்சும் இவங்கையில மாட்டிக்கிட்டு இருக்கா ஐயா?” என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். “இருக்கும்மா” என்றான்.

“அதானே பாத்தேன். காப்பி ஆறுது, குடிங்க” என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மிரட்டிச் சொல்ல வைத்தேன் என்று நினைத்துவிட்டாளே! “என் கையில ஒண்ணுமில்லம்மா! நேத்தே எல்லாம் மேல போயிடுச்சு. அவுரு வேலையெல்லாம் ரத்தாயிடுச்சு. இனிமே நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது” என்று கத்தினேன்.

கான்ட்ராக்டர் டம்ளரைக் கீழே வைத்தான். “நேத்தேவா?” என்றான். நான் தலையாட்டினேன். அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“அப்ப கேட்டுக்கங்கம்மா. இப்ப சொன்னதெல்லாம் ஒங்க புள்ள சொல்லிக் கொடுத்தது. அன்னிக்கு அவன் முட்ட முட்டக் குடிச்சிட்டுத்தான் வந்தான்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் பின்னாலேயே ஓடி அவன் சட்டையைப் பிடித்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மா வந்து என் கையை விலக்கி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பொய் சொல்கிறான், பொய் சொல்கிறான் என்று நான் கதறிக்கொண்டிருந்தேன்.

“அவுருக்கு இனிமே ஒங்கிட்ட ஆவ வேண்டியது ஒண்ணுமில்லன்னு நீதானடா சொன்ன?” என்றாள் அம்மா. “அப்பறம் அவுரு எதுக்குடா பொய் சொல்லணும்?”